மதிலில் இருந்த பொடியன்: கொழும்புச் சபை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கடந்த செப்டெம்பரில் எங்கள் சபைக்குப் புதிய போதகர் வந்தார். வந்த முதல் சனிக்கிழமை பின்னேரமே மண்டபத்துப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “தம்பி, அந்தக் கறுப்புச் சட்டைப் பொடியன்கள் ஆர்? எங்கட சபைப் பிள்ளைகளா?”

ஓம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. “எழுதித் தாறன் ஐயா” என்றேன். குழுக் கூட்டத்துக்கு எழுதியதைக் கொஞ்சம் விரித்து, ஆட்கள் அடையாளம் தெரியாதபடி மாற்றி இங்கே தருகிறேன். வேறு சபைகளுக்கும் இதே தலையிடி இருக்கும் என்று நினைக்கிறேன்.

எங்கள் சபை கொழும்பு வடக்கில் இருக்கும் ஒரு சிறிய தமிழ்ச் சபை. ஞாயிறு காலை வருகிறவர்களில் பாதிக்கு மேல் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் கனடாவில், அவுஸ்திரேலியாவில், கட்டாரில். இருக்கிற இளைஞர்களை விரல் விட்டு எண்ணலாம். நான் இளைஞர் ஒன்றியத்துக்குப் பொறுப்பாக இருக்கிறேன், வேறு ஆள் இல்லாத காரணத்தால்.

கேற்றடியில்

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் எங்களுக்குத் தூரமில்லை. அன்று மூன்று தேவாலயங்களிலும் மூன்று பெரிய ஹோட்டல்களிலுமாக 260 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு கொழும்பில் எந்த ஆலயத்துக்குள்ளும் பையோடு சும்மா நுழைய முடியவில்லை. நாங்களும் கேற்றடியில் ஒரு மேசை போட்டோம், ஒரு கொப்பி வைத்தோம், ஓய்வுபெற்ற அங்கிள் ஒருவரை இருத்தினோம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த வருடம் பயப்படாத ஆளே இல்லை.

2021 கடைசியில், கொரோனாக் கட்டுப்பாடுகள் தளர்ந்து ஆராதனை திரும்பத் தொடங்கியபோது, ஒரு பொடியன் தன் அம்மம்மாவை ஓட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தான். தோள் வரைக்கும் தலைமயிர், மண்டையோடு போட்ட கறுப்பு ரீசேர்ட், முதுகில் கிட்டார்ப் பெட்டி. ஆராதனை முடிந்து அப்படியே பயிற்சிக்குப் போகிறவன். அங்கிள் அம்மம்மாவை உள்ளே விட்டார். இவனை மறித்து, பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தான். கேபிள்கள், சின்னச் சின்ன இரும்புப் பெட்டிகள், ஒன்றில் சிவப்பு விளக்கு வேறு. இரும்புப் பெட்டியும் வயரும் அந்த நாளில் என்ன நினைப்பைக் கொண்டுவரும் என்று சொல்லத் தேவையில்லை. “தம்பி வெளியில நில்லுங்கோ.”

அவன் சண்டை பிடிக்கவில்லை. மதிலில் ஏறி இருந்தான். அடுத்த ஞாயிறும் மதில். அதற்கடுத்த ஞாயிறும். ஒரு வருடத்துக்கு மேல், ஒவ்வொரு ஞாயிறும் ஒன்றரை மணித்தியாலம் அந்தப் பிள்ளை மதிலில் இருந்து ஃபோன் பார்த்தான். நாங்கள் எல்லாரும் அவனைக் கடந்து போய், உள்ளே இருந்து, இளைஞர்களை எப்படிச் சபைக்குக் கொண்டுவருவது என்று ஜெபித்தோம். இதை இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு ஒருவருக்கும் இது உறைக்கவில்லை, எனக்கும்தான்.

யார் இவர்கள்

இந்தப் பொடியன்கள் வாசிப்பது மெட்டல், அதாவது உரத்த, கரகரப்பான கிட்டார் ராக் இசை. கொழும்பில் மெட்டல் இசைக்காரர்களின் வட்டம் சிறியது. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். வெளியூரிலும் பெயர் வாங்கிய கொழும்பு இசைக்குழுவான ஸ்டிக்மாட்டாவின் பெயரைப் பாருங்கள்: கிறிஸ்துவின் ஐந்து காயங்களைக் குறிக்கும் சொல் அது. எங்கள் சபைக் குழுவில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

இந்த வட்டத்துக்குள் ஆங்கிலமும் சிங்களமும்தான் ஓடும். அதில் இருக்கும் தமிழ்ப் பிள்ளை இரண்டு பக்கமும் ஒட்டாதவன். கச்சேரியில் அவன் தமிழன். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ சொந்தக்காரர் வீட்டில் அவன் “தறுதலை”. மதில் பொடியனின் குழுவில் ஆறு பேர் இருந்தார்கள். நான்கு பேர் தமிழர். அதில் ஒருவன் சைவன். மற்ற இருவரும் சிங்களக் கத்தோலிக்கர்கள்.

சபையில் இவர்களைப் பற்றி இருந்த ஒரே அறிவு, “சாத்தான் பாட்டு” என்பதுதான். ஆதாரம் கேட்டால் அந்தக் கைச்சைகை: சுட்டுவிரலும் சின்னவிரலும் கொம்பு மாதிரி நிமிர்ந்து நிற்பது. ரோனி ஜேம்ஸ் டியோ என்ற பாடகர்தான் மெட்டல் மேடைகளில் அதைப் பரப்பினார். தன் இத்தாலியப் பாட்டியிடம் பார்த்துப் பழகியதாக அவரே சொல்லியிருக்கிறார். பாட்டி அதைக் காட்டியது கண்ணூறு கழிக்க. எங்கள் அம்மம்மாமார் உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றிப் போட்டதைப் போல ஒன்று. இதைச் சபைக் குழுவில் சொன்னேன். “அப்ப அதுவும் அஞ்ஞானம்தானே” என்றார் ஒருவர். சரி, அவரை விடுவோம்.

இன்னொன்றையும் இங்கே பதிய வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டினார்கள். பயிற்சி அறைகள் ஜெனரேட்டர் செலவைக் கட்டணத்தில் ஏற்றின, சில மூடியே விட்டன. ஏப்ரல் 9 தொடக்கம் காலிமுகத்திடலில் அரசுக்கு எதிரான போராட்டக் கூடாரங்கள் எழும்பின. இந்தப் பொடியன்களும் போனார்கள். அங்கே அங்கியோடு நின்ற குருமாரையும் கன்னியாஸ்திரிகளையும் முதல் தடவையாகக் கிட்டத்தில் பார்த்ததாக அவர்களில் ஒருவன் பிறகு சொன்னான். “அவங்கள் எங்களைக் கூப்பிடேல்ல அண்ணா. பக்கத்தில நிண்டவங்கள், அவ்வளவுதான்.”

எங்கள் முதல் முயற்சி, அல்லது தூண்டில்

2022 ஒக்டோபரில் மண்டபத்தில் இளைஞர் இசை இரவு ஒன்று வைத்தோம். யோசனை என்னுடையது, ஆகவே பழியும் என்னுடையது. மெட்டல் குழுக்களின் எழுத்து மாதிரி முள்ளு முள்ளான எழுத்தில் போஸ்டர் அடித்தோம். பின்னணியில் நெருப்பு. பழைய கீர்த்தனை ஒன்றை எங்கள் பாடகர் குழு கிட்டாரில் கரகரப்புச் சத்தம் ஏற்றி வாசித்தது. விளக்கு வாடகைக்கு எடுத்தோம். கடைசியில் 25 நிமிடப் பிரசங்கம், முன்னால் வரச்சொல்லி அழைப்பு.

மதில் பொடியனும் ஐந்தாறு கூட்டாளிகளும் வந்தார்கள். கடைசி வரிசைக் கதிரைகளில் இருந்தார்கள். அழைப்பு தொடங்கியதும் ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். தேத்தண்ணிக்கும் நிற்கவில்லை. ஒரு வருடம் கழிந்து, நெருங்கிப் பழகிய பிறகுதான் டிரம்ஸ் வாசிப்பவன் உண்மையைச் சொன்னான்: “அண்ணா, எங்கட அம்மா என்ர ரீசேர்ட்டைப் போட்டுக்கொண்டு கச்சேரிக்கு வந்த மாதிரி இருந்தது.”

அவர்கள் கோபித்தது கிறிஸ்துவைப் பற்றிப் பேசியதற்காக இல்லை. மண்டையோட்டு ரீசேர்ட் போடுகிறவனுக்கு மரணத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தால் சலிக்கவே சலிக்காது. தங்களுடைய பொருளைத் தூக்கித் தங்களுக்கே இரையாகக் கட்டியதுதான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

வெளிநாட்டு உதாரணங்களை நான் அப்போது அரைகுறையாகத்தான் படித்திருந்தேன். 2006இல் ஹெல்சிங்கியில், பாறையைக் குடைந்து கட்டிய தெம்பெலியாவுகியோ தேவாலயத்தில் மெட்டல் ஆராதனை நடந்தது எனக்குத் தெரியும். அதைத்தான் மனதில் வைத்திருந்தேன். பின்லாந்தில் மெட்டல் என்பது கடைத்தெருவில் கேட்கும் பாட்டு, அங்கே லூதரன் பாடல்களை அந்த இசையில் வாசித்தால் ஒருவரும் வேஷம் என்று நினைக்க மாட்டார்கள் என்பதை யோசிக்கவில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்ததை அதற்குப் பிறகுதான் வாசித்தேன். 1986இல் அங்கே கிளப் இசையும் ஒளியுமாக ஓர் ஆராதனை தொடங்கி, நூற்றுக்கணக்கில் இளைஞர்கள் வந்தார்கள், திருச்சபைத் தலைவர்கள் மெச்சினார்கள். 1995இல் அது இடிந்து விழுந்தது. அதை நடத்திய குருவானவர் தன் அதிகாரத்தைப் பாவித்துப் பெண்களைத் துஷ்பிரயோகம் செய்தது வெளியில் வந்தது. கூட்டம் வருகிறதென்றால் கணக்குக் கேட்க ஒருவருக்கும் மனம் வராது. இளைஞர் வேலைக்குப் பொறுப்பான ஒவ்வொருவரும் இந்தக் கதையை வாசிக்க வேண்டும்.

இரைச்சல்

எங்கள் ஆலயத்தில் ஒலிபெருக்கியைப் போட்டால் “ம்ம்ம்ம்” என்று ஓர் இரைச்சல் கேட்கும். வருடக்கணக்காக இருந்தது. கனடாவில் இருக்கும் ஒரு குடும்பம் புது அம்ப்ளிஃபயர் வாங்கித் தந்தது. இரைச்சல் போகவில்லை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இருந்து ஒரு ஆளைக் கூட்டிவந்தோம். புது மிக்ஸர் வாங்கச் சொன்னார்.

2023 ஜனவரியில் ஒரு ஞாயிறு, வேதபாடம் வாசிக்கும்போது இரைச்சல் தாங்க முடியாமல் போனது. அப்போதிருந்த போதகர் கொஞ்சம் முன்கோபி. ஆராதனை முடிந்த கையோடு, அங்கியைக்கூடக் கழற்றாமல், விறுவிறு என்று கேற்றைத் தாண்டி மதிலடிக்குப் போனார்.

“தம்பி, உங்களுக்கு இந்தச் சத்தம் ஏன் வருதெண்டு தெரியுமா?”

“தெரியும் ஐயா. ஒரு வருசமா இஞ்ச இருந்து கேட்டுக்கொண்டுதானே இருக்கிறன்.”

அன்றைக்குத்தான் அவன் முதல் தடவை கோவிலுக்குள் கால் வைத்தான்.

விஷயம் இதுதான். கீபோர்ட் பீடத்துக்குப் பக்கத்துப் பிளக்கில், மிக்ஸர் பின்பக்கத்துப் பிளக்கில். இரண்டும் வெவ்வேறு வயர் வழியாக வருகின்றன. இரண்டு எர்த்துக்கும் நடுவில் சின்ன வித்தியாசம் இருந்தால், ஒலிக் கேபிளின் வெளியுறை வழியாக ஒரு வளையம் பூர்த்தியாகி அதில் மின்சாரம் ஓடும். எங்கள் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அந்த ஐம்பதும் அதன் மடங்குகளும்தான் நாங்கள் கேட்ட “ம்ம்ம்ம்”. அவன் மிக்ஸர் பிளக்கில் இருந்தே ஒரு நீட்டு வயர் இழுத்து கீபோர்டுக்குக் கொடுத்தான். தன் பெட்டியில் இருந்த ஒரு டிஐ பாக்ஸை, ஒலியை மட்டும் கடத்தி அந்த வளையத்தை அறுக்கும் பெட்டியை, நடுவில் போட்டான். இரைச்சல் நின்றது. அங்கிள் அன்றைக்குச் சந்தேகப்பட்ட இரும்புப் பெட்டிகளில் ஒன்றுதான் அது.

இன்னொன்றையும் கண்டுபிடித்தான். பாஸ் அம்ப்பின் பிளக்குக்குள் எர்த் வயரை யாரோ முன்பு கழற்றி விட்டிருந்தார்கள், இரைச்சல் குறையும் என்று. கசிவு வந்தால் வாசிக்கிற பிள்ளையின் உயிர் போயிருக்கும். அவன் திட்டினான், ஆலயத்துக்குள் சொல்லக்கூடாத ஒரு சொல்லில். போதகர் கேட்காத மாதிரி இருந்தார்.

இந்த ஆய்வில் நான் சொல்ல வருவது முழுக்க இந்த இடத்தில் இருக்கிறது. அதுவரை அவனுக்கு எதையாவது கொடுக்கத்தான் பார்த்தோம்: இசை, ஒளி, பிரசங்கம், இரட்சிப்பு. அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதும் வந்தான். யாக்கோபின் கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் பேச்சைத் தொடங்கியதே தாகத்துக்குத் தண்ணீர் கேட்டுத்தான். அந்த அதிகாரத்தை எத்தனை தரம் பிரசங்கத்தில் கேட்டிருப்போம்!

பிறகு ஒரு பேரம். சனிக்கிழமை நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் மண்டபத்தில் அவர்கள் பயிற்சி செய்யலாம், வாடகை இல்லை. பதிலுக்கு ஒலி அமைப்பைப் பார்த்துக்கொள்வார்கள். மண்டபத்து மின்விசிறியின் ரெகுலேட்டர் கிட்டாரில் “ர்ர்ர்” என்று ஒலிப்பதால் விசிறியை நிறுத்தி வைத்து, வேர்த்து ஒழுக ஒழுக வாசித்தார்கள்.

பச்சை

டிரம்ஸ் பொடியனின் கை முழுக்கப் பச்சை குத்தியிருந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர் லேவியராகமம் 19:28ஐத் திறந்து வைத்துக்கொண்டு வந்தார். உடம்பில் எழுத்துக் குத்திக்கொள்ளாதே என்று அதில் இருப்பது உண்மை. அதற்கு மேல் வசனம், 27ஆவது, தாடியின் ஓரத்தைக் கத்தரிக்காதே என்கிறது. வந்தவர் வழுவழு என்று சவரம் செய்திருந்தார். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாதம் வென்றிருக்கும், மனிதர் போயிருப்பார்.

முடித்து வைத்தது ஒரு அன்ரி. மலையகத்தில் பிறந்து, கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வந்தவர். தன் அம்மாவின் முழங்கையில் இருந்த பச்சைப் புள்ளிகளைப் பற்றிப் பொடியனிடம் கதைக்கத் தொடங்கினார். தோட்டத்தில் குறத்தி வந்து குத்தினாளாம், மஞ்சள் அரைத்துப் பூசினார்களாம். “உனக்கு நொந்ததா தம்பி?” “சரியா நொந்தது அன்ரி.” இருவரும் அரை மணித்தியாலம் கதைத்தார்கள். மூத்தவர் வேதப் புத்தகத்தை மூடிவிட்டுத் தேத்தண்ணி குடித்தார்.

பெரிய வெள்ளி, 2023 ஏப்ரல் 7

பெரிய வெள்ளி மதியம் 12 மணி தொடக்கம் 3 மணி வரை சிலுவையின் ஏழு வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தியானிப்பது எங்கள் வழக்கம். போதகர் பொடியன்களிடம் ஒன்று கேட்டார்: நாலாவது வார்த்தைக்கு, “ஏலீ, ஏலீ, லாமா சபக்தானி”க்கு, சொற்கள் இல்லாமல் நாலு நிமிடம் வாசிக்க முடியுமா? அது என்ன வார்த்தை என்று கேட்டார்கள். விளக்கினார். “கடவுளே ஏன் என்னைக் கைவிட்டீர் எண்டு அவரே கேட்டவரா?” அதைத் தாங்கள் அறிந்திருக்கவில்லை என்றார்கள். கத்தோலிக்கப் பொடியன்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்திருந்தது.

நாலு நிமிடமும் மிக மெதுவாக, தந்திகளை அடியோடு தளர்த்தி, ஒரே இழுவையாக வாசித்தார்கள். யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சிலர் எழும்பிப் போனார்கள். இரண்டு குடும்பங்கள் எழுத்தில் முறைப்பாடு தந்தன, கோப்பில் இருக்கிறது. 83 ஜூலையில் வீடு எரிந்து, உடுத்த துணியோடு வந்த ஒரு பாட்டி மட்டும் என்னைக் கூப்பிட்டு, ஏன் கெதியா நிப்பாட்டிப் போட்டீர்கள் என்று கேட்டார்.

புலம்பல் எங்களுக்குப் புதிதா என்ன? கோவாவில் இருந்து 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் தமிழில் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் வாசித்து அழுத பரம்பரை இந்த மண்ணில் உண்டு. எங்கள் பக்கத்துச் சபைகளில் அந்த வழக்கம் இல்லை, ஞாயிறு தோறும் வெற்றிப் பாட்டுத்தான். 88ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது. அதை எங்கள் ஆலயத்தில் எப்போது கடைசியாக வாசித்தோம் என்று எனக்கு ஞாபகம் இல்லை. சபைக்கு வெளியில் இருந்த பொடியன்கள்தான் அதை எங்களுக்குத் திருப்பித் தந்தார்கள்.

ஒரு அம்மாவின் கேள்வி

சைவப் பொடியனின் தாய் ஒரு நாள் நேரே வந்தார். “என்ர பிள்ளையை வேதத்துக்கு மாத்தப் போறீங்களோ?” இந்த நாட்டில் அந்தக் கேள்விக்குப் பின்னால் நெடிய கதை இருக்கிறது. 2004இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலமே பாராளுமன்றத்துக்கு வந்தது, உயர் நீதிமன்றம் அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்றது, அப்படியே நின்றுவிட்டது. ஆனால் பயம் இருக்கிறது, இசை இரவு மாதிரித் தூண்டில்களைப் பார்த்தால் அந்தப் பயம் முழுக்கப் பிழை என்றும் சொல்ல முடியாது.

போதகர் அவரை மண்டபத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். “பாருங்கோ அம்மா, வயர் பூட்டுறான். வேறொண்டும் இல்லை. கேள்வி கேட்டா பதில் சொல்லுவன். கேக்காட்டி நானாத் தொடங்கமாட்டன்.” அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். ஆடி வேல் விழாவுக்கு அந்தப் பொடியன் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோவிலுக்குத்தான் போகிறான். சனிக்கிழமை எங்களிடம் வருகிறான்.

நாங்கள் கெடுத்தது

நன்றாகப் போன விஷயத்தை நாங்களே கெடுத்தோம். மண்டபத்துத் திறப்பு மதில் பொடியனின் கைக்குப் போனதும் எல்லா வேலையும் அவன் தலையில் விழுந்தது. ஞாயிறு ஆராதனை, கலியாணம், செத்தவீடு, ஞாயிறு பாடசாலைக் கலைவிழா. கலியாண வீட்டார் மண்டபத்துக்கும் பூவுக்கும் காசு கொடுத்தார்கள். அவனுக்கு ஒரு சோற்றுப் பார்சல். கேட்டால் “ஊழியம்தானே தம்பி” என்றோம். அவன் கொள்ளுப்பிட்டிப் பக்கம் கச்சேரிகளுக்கு ஒலி அமைத்துக் காசு வாங்குகிறவன், தொழில்காரன். 2024 நடுப்பகுதியில் திறப்பைக் கடித உறையில் போட்டு, அம்மம்மாவிடம் கொடுத்தனுப்பிவிட்டு நின்றுவிட்டான். மூன்று மாதம் வரவில்லை. இரைச்சலும் திரும்ப வந்தது, யாரோ நீட்டு வயரைக் கழற்றி வேறெங்கோ கொண்டுபோயிருந்தார்கள்.

நான் போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போது கலியாணத்துக்கும் வெளியார் நிகழ்ச்சிக்கும் அவனுக்குக் கட்டணம் உண்டு. ஞாயிறு ஆராதனை மட்டும் அவனாக விரும்பிச் செய்வது.

கணக்கு

வருட அறிக்கையில் “புதிய உறுப்பினர்” என்ற கட்டத்தில் இந்த வேலைக்கு எதிரே பூச்சியம்தான் எழுத முடியும். ஆறு பேரில் ஒருவரும் எங்களிடம் ஞானஸ்நானம் பெறவில்லை. இருவர் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள், ஒருவன் கட்டாருக்கு, ஒருவன் கனடாவுக்கு. கனடாவில் இருப்பவன் அங்கே ஒரு தமிழ்ச் சபையில் ஒலிப் பலகைக்குப் பக்கத்தில் நிற்கும் படம் அனுப்பினான். உள்ளே போகிறானா, வேலைக்கு மட்டும் போகிறானா என்று நான் கேட்கவில்லை. மதில் பொடியன் ஞாயிறு தோறும் ஒலிப் பலகைக்குப் பின்னால் நிற்கிறான். பிரசங்கம் நீண்டால் எனக்கு மெசேஜ் போடுகிறான். கறுப்பு ரீசேர்ட்தான், மண்டையோடுதான். அவன் அம்மம்மா போன வருடம் காலமானார். இப்போது அவன் தனியாக வருகிறான்.

புதிய போதகருக்கும் குழுவுக்கும் நான் கேட்பது மூன்று. சனிக்கிழமை மண்டப ஏற்பாடு முன்பிருந்த போதகரின் வாய்ச்சொல்லாகவே இருக்கிறது, அதைக் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டும். திறப்பு இரண்டு பேரிடம் இருக்க வேண்டும், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் வந்தால் சபை ஆள் ஒருவர் மண்டபத்தில் நிற்க வேண்டும். மண்டபத்து விசிறி ரெகுலேட்டரை மாற்ற வேண்டும். கடைசியானது மலிவு, இரண்டு வருடமாக ஒத்திப்போட்டிருக்கிறோம், பொடியன்கள் இன்னமும் வேர்த்துக்கொண்டுதான் வாசிக்கிறார்கள்.